கணினிக் கல்வியும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் நகைத்திருத்தல் கூடும். நன்னூலும் திருக்குறளும் சொல்லிக் கொடுக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கும் கணினிக்கும் யாது தொடர்பு என்று வினவுதல் இயல்பே. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே நமது கருவிகள். சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கணினிப் பயிற்சிக்கு ஆசிரியர்களை அழைத்தபொழுது, “இது கணக்கு வாத்தியாருக்கு உரியது, நமக்கு வேண்டாம்” என்று விலகிக்கொண்டவர்களுள் நாமும் ஒருவர். அது பிழை என்பதனை ஒரு சிறுமி நமக்கு உணர்த்தினாள். அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

பள்ளிக்கூடத்தைத் தாங்குதல் நம்மனோர்க்குப் புதியதன்று. தென்பாண்டி நாட்டுச் சங்கங்கள் கல்வியையும் தம் கடமையாகக் கொண்டன. 1889-ஆம் ஆண்டில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வணிகர் தம் வாணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினர். இல்லத்தரசியர் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அப்பிடியரிசிதான் பிள்ளைகளின் எழுத்தாயிற்று. அப்பள்ளியிற் பயின்ற காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958-இல் கடம்பத்தூரில் முதற் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பின்னர் ஊர்தோறும் அத்தகைய மாநாடுகள் நிகழ்ந்தன. பலகையும் மணியும் நாற்காலியும் பொதுமக்கள் கொடுத்தவை. அரசு செய்யட்டும் என்று அவர்கள் வாளா இருந்தாரல்லர். அரசு செய்ய வேண்டுவதனைத் தாமே முழுதும் சுமந்தாருமல்லர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே நமக்கும் உரியது.

நிற்க. கணினி நம் ஊருக்கு அயலான பொருள் என்று யாரேனும் கருதுவாராயின், அவர் ஒருமுறை ஏலக்காய் ஏல மண்டபத்திற்குச் சென்று பார்த்தல் வேண்டும். முன்னாளில் விலையைக் கூவிக் கேட்ட வணிகர், 2007-ஆம் ஆண்டு தொடங்கி நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், கணினித் திரையின் முன் அமர்ந்து விரலால் விலை கூறுகின்றனர். மலையில் ஒரு தாய் மழையில் நனைந்து பறித்த காய்க்குப் போடியில் ஒரு திரையில் விலை முடிகின்றது. அத்தாயின் மகன் அத்திரையை இயக்க அறிவானா, அன்றி அதற்கு வெளியே மூட்டை சுமந்து நிற்பானா என்பதே நாம் இன்று ஆராய வேண்டிய வினா.

கணினிக் கல்வி என்றால் யாது? பொறியைத் திறந்து படம் பார்ப்பதும், எழுத்தை அச்சிடுவதும் அதன் வாயிற்படி மட்டுமே. பொறிக்கு ஒரு வேலையை ஐயமின்றி வகுத்துச் சொல்லும் ஆற்றலே அக்கல்வியின் உள்ளுறை. இதனை நாம் புணர்ச்சி இலக்கணத்தால் விளக்குவது வழக்கம். வேற்றுமைப் புணர்ச்சியில், நிலைமொழி ஈற்றில் மகரம் உளதா? உளதாயின் அதனைக் கெடுக்க. வருமொழி முதலில் வல்லினம் உளதா? உளதாயின் அதனை மிகுக்க. இல்லையாயின் வாளா விடுக. ‘மரம்’ என்பதன்முன் ‘வேர்’ வந்தால் ‘மரவேர்’ ஆகும். ‘கிளை’ வந்தால் ‘மரக்கிளை’ ஆகும். இவ்வாறு வினா, விடை, செயல் என்று வரிசைப்படுத்தி எழுதுவதே நிரல் எழுதுதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விதியை நுணுக்கமாக வகுத்துப் பழகிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இனிச் செயற்கை நுண்ணறிவு என்பது யாது? 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடி இத்துறைக்கு அப்பெயரால் கால்கோள் செய்தனர். ஆயினும் 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னரே அஃது எல்லார் வாயிலும் அடிபடும் சொல்லாயிற்று. அதன் தன்மையை நம் ஊர்ப் பெண்மக்கள் எளிதில் உணர்வர். ஏலக்காய்க் கிடங்கில் புதிதாகத் தரம் பிரிக்க வந்த பெண்ணுக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை. “இது நல்ல காய், இது சோடை, இது வெடித்தது” என்று மூத்தவள் ஆயிரக்கணக்கான காய்களைக் காட்டுகின்றாள். சில திங்களில் புதியவளின் கண்ணும் விரலும் தாமே பிரிக்கக் கற்றுக்கொள்ளுகின்றன. இக்காலத்து நுண்ணறிவுப் பொறியும் பெரும்பாலும் இவ்வாறே எடுத்துக்காட்டுக்களால் பழக்கப்படுகின்றது. முன்னது விதியாற் கற்பித்தல். இது காட்டிக் கற்பித்தல்.

இதனால் விளையும் ஒரு தீங்கையும் அறிதல் வேண்டும். ஒரு தோட்டத்துப் பசுங்காயை மட்டும் கண்டு பழகியவள், வெளிறிய வேறொரு தோட்டத்துக் காயை நல்லதாயினும் தள்ளிவிடுவாள். பொறியும் அத்தகையதே. அதற்கு மிகுதியாகக் காட்டப்பட்டது ஆங்கில எழுத்து. தமிழ் அதனினும் மிகக் குறைவு. ஆதலின் தமிழில் அது தடுமாறுகின்றது. தடுமாறுங்காலும் அறியேன் என்னாது துணிந்து விடை கூறுகின்றது. இதனை அறியாத பிள்ளை அதனை ஆசானாகவே கொள்ளும்.

முன்னர்ச் சொல்லுவோம் என்ற நிகழ்ச்சி இதுவே. நம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கட்டுரைப் போட்டிக்கு மலைவளம் பற்றி எழுதி வந்தாள். அதில் ஒரு குறளை எடுத்தாண்டிருந்தாள். ஏழு சீரும் இருந்தன, எதுகையும் இருந்தது, ஆயின் 1,330 குறளுள் அஃது ஒன்றன்று. “வள்ளுவர் பெயரால் பொய் எழுதினாயோ?” என்று வகுப்பு முழுதும் கேட்கக் கடிந்துகொண்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த மூன்று நாளும் வரவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஜீப்புகள் நிற்கும் இடத்திற்குச் சென்றோம். போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டியின் பின்னே தாயின் அருகில், தலையிற் துணி சுற்றி, தூக்குப்பாத்திரத்துடன் அச்சிறுமி அமர்ந்திருந்தாள். நம்மைக் கண்டு இறங்கி வந்தாள். “ஐயா, எங்கள் வீட்டில் புத்தகம் இல்லை. இரவில் அம்மாவின் கைப்பேசியில் கேட்டேன், அது சொல்லிற்று, எழுதினேன். அது பொய் சொல்லும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்றாள்.

அன்பர்களே! அவ்வினாவிற்கு நம்மிடம் விடை இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர் நாமே, நமக்கே தெரிந்திருக்கவில்லை. பயிற்சி வேண்டாம் என்று விலகியவர், அப்பயிற்சியின்மையால் பிழை செய்த பிள்ளையைத் தண்டித்தோம். அவளது தாய், “வாத்தியாரய்யாவே வந்து கூப்பிடுகிறார், போ தாயி” என்று அவளை இறக்கிவிட்டார். அன்று வகுப்பில், கடிந்த இடத்திலேயே நின்று நமது பிழையையும் சொன்னோம். அவள் இன்று பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்கின்றாள்.

இனி நம் பள்ளிகளின் நிலையைக் காண்போம். அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நன்றியின்மையாகும். 2011-ஆம் ஆண்டு முதல் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. பின்னர் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கணினி, செயற்கை நுண்ணறிவு, இயந்திரனியல் ஆகியவற்றைக் கற்பிக்க ‘டி.என். ஸ்பார்க்’ என்னும் திட்டம் அண்மைக் காலத்தே வகுக்கப்பட்டுள்ளது. மைய இடைநிலைக் கல்வி வாரியமோ 2019-20 கல்வியாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கிற்று.

பொறி வந்தது, பாடமும் வந்தது, ஆசிரியர் வந்தனரா? இதுவே குறை. கணினிப் பயிற்றுநர் பணியிடங்கள் மேல்நிலை வகுப்புக்களுக்கு உரியவை. அவற்றின் வரலாறும் இன்பம் தருவதன்று. 1999 முதல் ஒப்பந்த முறையில் குறைந்த ஊதியத்திற்குப் பலர் அமர்த்தப்பட்டனர். பின்னர்ச் சிறப்புத் தேர்வு வைக்கப்பட்டது. அதில் உரிய மதிப்பெண் பெறாமையின், நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2013-இல் 652 பேர் பணியிழந்தனர். மீண்டும் 2019-இல்தான் 814 பணியிடங்களுக்குப் போட்டித் தேர்வு நிகழ்ந்தது. கீழ் வகுப்புக்களிலோ பிற பாட ஆசிரியர்களே தம் பாடத்தோடு இதனையும் தலைமேற்கொள்ள வேண்டியவராகின்றனர். தாம் கல்லாததனைச் சில நாட் பயிற்சியோடு கற்பிக்கப் புகுதல் எத்துணை அச்சம் தரும் என்பதனை ஆசிரியரே அறிவர்.

அச்சம் யாது செய்யும்? கதவைப் பூட்டும். நாம் கண்ட ஒரு பள்ளியில் கொடையாளர் அளித்த கணினிகள் பத்தும் துணி போர்த்தப்பெற்று அடைபட்டிருந்தன. சாவி தலைமையாசிரியரின் பேழையில் இருந்தது. “பிள்ளைகள் தொட்டுக் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?” என்றனர். தொடப்படாமையாலேயே அவை கெட்டன; கம்பிகளை எலி கடித்திருந்தது. வாயிலில் கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக்கல் மட்டும் பழுதின்றி இருந்தது. அவரை நாம் குறைகூறோம். அவர் நல்லெண்ணத்தோடு பொறியைக் கொடுத்தார். அதனை உயிர்ப்பிக்கும் ஆசிரியரைத் தாங்க ஒருவரும் இலர் என்பதே வருத்தத்திற்குரியது.

மலைக்கு அப்பால் நோக்குவோம். நம்மவர் நாள்தோறும் கூலிக்குச் செல்லும் இடுக்கி மாவட்டம் கேரள நாட்டைச் சேர்ந்தது. அங்கு 2001-ஆம் ஆண்டிலேயே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. அது 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. கட்டற்ற மென்பொருள்களையே பள்ளிகளிற் பயன்படுத்தினர். ஆதலின் உரிமத்திற்குப் பொருள் செலவாகவில்லை. 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் குழுக்கள் எழுந்தன. 2024-இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. அவ்வாண்டே 80,000 ஆசிரியர்க்கு அத்துறையில் பயிற்சி அளிக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. பாடநூல் வரும்பொழுதே ஆசிரியரையும் ஆயத்தம் செய்ததனை நோக்குக. ஒரே மலையின் இருசரிவிலும் ஏலம் விளைகின்றது. கல்வி மட்டும் ஒரு சரிவில் விளைந்து மறுசரிவில் வாடுதல் தகுமா?

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஒரு முறையைக் கற்கலாம். கெவின் வாங் என்பவர் முன்னர்ப் பள்ளியாசிரியராக இருந்து, பின் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பொறியாளரானவர். 2009-ஆம் ஆண்டில், அலுவலகம் செல்லுமுன் காலைப்பொழுதில், சியாட்டில் நகர்ப்புறத்துப் பள்ளியொன்றில் கணினி அறிவியல் கற்பிக்கலானார். அதிலிருந்து வளர்ந்ததே ‘டீல்ஸ்’ என்னும் திட்டம். அதன் சிறப்பு இஃது: பொறியாளர் ஆசிரியரின் இடத்தைக் கவர்வதில்லை. வகுப்பு ஆசிரியரும் தொண்டரும் உடன்நின்று கற்பிக்கின்றனர். முதலில் தொண்டர் மிகுதியாகப் பேசுவார், ஆசிரியர் கற்பார். பின்னர் ஆசிரியர் கற்பிப்பார், தொண்டர் துணைநிற்பார். சில ஆண்டுகளில் தொண்டர் விலகிக்கொள்ள, ஆசிரியர் தனியே நடத்துவார். நம் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் 2023-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, சில அரசுப் பள்ளிகளில் இம்முறையை முன்னோட்டமாகத் தொடங்கிற்று. ஒருவன் மற்றொருவனுக்கு நீச்சல் கற்பிக்குங்கால் வயிற்றின்கீழ்க் கைகொடுத்துப் பின் மெல்லக் கையை எடுப்பது போன்றதே இது.

நமது சங்கத்திற்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பங்கள் ஐந்து.

முதலாவது: நகரில் ஒரு கணினிக் கூடம் கட்டுதற்கென்று பொருள் திரட்டப்பட்டு வருகின்றது. கட்டடத்தைச் சிறிதாக்குக, அன்றேல் இருக்கும் பள்ளி அறைகளையே செப்பனிடுக. மிஞ்சும் பொருளில் ஆண்டுதோறும் ஆசிரியர் சிலரின் பயிற்சிக் கட்டணம், பயணச் செலவு, இணையச் செலவு ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளுக. சுவரில் பெயர் இல்லையே என்று கொடையாளர் வருந்த வேண்டா. பயின்ற பிள்ளைகளே அப்பெயரைச் சொல்லுவர். அரசுப் பள்ளிக்குக் கொடுக்க விரும்புவோர்க்கு 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் வழியும் உண்டு.

இரண்டாவது: சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் மென்பொருள் அலுவலில் இருக்கும் நம் இளைஞர் பலர் இங்கு வந்துள்ளீர். திருவிழாவிற்கு ஊர் வருவது போதாது. ஒவ்வொருவரும் ஒரு பள்ளியை ஏற்றுக்கொண்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் இணையவழியே அவ்வாசிரியரின் உடன்நில்லுங்கள். மாணவரிடம் நேரே பேசுமுன் ஆசிரியரிடம் பேசுங்கள். அவரது அறியாமையை வகுப்பின்முன் காட்டாதீர். இரண்டாண்டு விடாது செய்யுங்கள்.

மூன்றாவது: 2012-இல் தொடங்கிய அரசு பொறியியற் கல்லூரி நம் ஊரிலேயே உளது. அக்கல்லூரியாரின் இசைவு பெற்று, மாணவர்கள் சனிக்கிழமைகளில் முந்தல், குரங்கணி, கொட்டகுடி முதலிய அடிவார ஊர்களுக்கும் மலையூர்களுக்கும் சென்றுவர வண்டிச் செலவைச் சங்கம் ஏற்றல் வேண்டும்.

நான்காவது: மின்சாரமும் இணையமும் மழைக்காலத்தில் மலையில் நில்லா. ஆதலின் பொறியின்றியே தாளிலும் புளியங்கொட்டையிலும் ஏலக்காயிலும் கற்பிக்கத்தக்க பாடங்களைத் தமிழில் தொகுத்து அச்சிடுதல் வேண்டும். அத்தொகுப்பை எழுதும் பணியை ஊதியமின்றி நாம் ஏற்றுக்கொள்ளுகின்றோம். துறையறிந்த இளைஞர் இருவர் பிழை திருத்தித் தரல் வேண்டும்.

ஐந்தாவது: இவ்வுதவி நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டலாகாது. வகுப்பறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளுள் ஒன்றுக்கு மட்டும் சோறிடுவார் உண்டோ? ஆசிரியரைத் தாங்கினால் அவ்வாசிரியர் வகுப்பு முழுதையும் தாங்குவார். கொட்டகுடியாற்று வெள்ளம் சாதி கேட்டுப் பாய்வதில்லை.

இனிச் சிலர் கூறும் தடைகளுக்கு விடை கூறி அமைவோம். “பொறியே எல்லாம் சொல்லிக் கொடுக்குமாயின் ஆசிரியர் எதற்கு?” என்பர். பொறி சொன்ன குறளைப் பொய் என்று கண்டது ஆசிரியரே. ஜீப்பு நிற்கும் இடத்திற்குச் சென்றதும் ஆசிரியரே. பவணந்தியார் நன்னூலில் ஆசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். பொறி ஒருகால் மலையளவு செய்தி கொள்ளலாம். ஐயந்தீர நிறுத்துக் காட்டும் துலாக்கோலும், மிதித்தாலும் பொறுக்கும் நிலமும் ஆதல் அதற்கு இயலாது.

“இப்பொழுது என்ன அவசரம்? மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்” என்பாரும் உளர். அவர்க்கு நம் ஊர் ரயிலை நினைவூட்டுகின்றோம். 1928-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் பாதை வண்டி, அகலப் பாதை அமைக்கும்பொருட்டு 2010-ஆம் ஆண்டின் முடிவில் நின்றது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. 2011-இல் முதல் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, ஊரில் ரயிலைக் காணாமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறிவிட்டது. பெரியவர்களுக்குச் சிறிது காலமாகத் தோன்றுவது பிள்ளைக்குப் பள்ளிப்பருவம் முழுதும் ஆகும். ரயில் பிந்தி வந்தாலும் ஏறிக்கொள்ளலாம். கடந்த பள்ளிப்பருவம் திரும்பி வாராது.

பெரியோர்களே! இவ்விண்ணப்பங்களுள் எவற்றை ஏற்றீர், எவற்றைத் தள்ளினீர் என்பதனையும், ஏற்றவற்றின் வரவு செலவையும் நமது திங்களிதழிலேயே வெளியிடுமாறு வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இம்மேடையில் நமக்குப் பதிலாக, உங்கள் துணையால் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு மாணவியும் நின்று பேசுவாராக. அன்று நாம் கீழே அமர்ந்து கேட்போம்.